1-1-0: டிஸ்லெக்சியாவோடு ஏ.டி.எச்.டி. மாத்திரை தொடங்குபவர்களுக்கு

என் முதல் மருந்துச் சீட்டில் 1-1-0 என்று எழுதியிருந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் கிடையாது. நான் அதை 1-0-1 என்று படித்தேன். இரவு எட்டு மணிக்குத் தோசை சாப்பிட்டுவிட்டு இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவன், ஒன்றரை மணி வரை மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மருந்து வேலை செய்கிறதா என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

எனக்கு 34 வயது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் தரப் பரிசோதனை வேலை. டிராயிங்கில் 16.9 என்று இருப்பதை 19.6 என்று படித்துவிட்டு, நல்ல ஜாப்பை, அதாவது சரியாகக் கடைந்த பாகத்தை, ரிஜெக்ட் டப்பாவில் போட்ட நாள்கள் நிறைய உண்டு. அக்கா மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) இருக்கிறதா என்று பள்ளியில் பார்த்தபோது கூடவே போனேன். அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னிடமும் பதில் இருந்தது. எனக்கும் அதுதான் என்று 27 வயதில் தெரிந்தது அப்படித்தான். கூடவே ஏ.டி.எச்.டி.யும் (கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பான தன்மை) இருக்கிறது என்று தெரிய இன்னும் ஆறு வருடம் பிடித்தது.

மருந்துச் சீட்டு, அட்டையின் பின்னால் பொடி எழுத்து, பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், நேரம் தவறாமல் போட வேண்டிய மாத்திரை என்று இந்த வைத்தியம் முழுக்கப் படிக்கவும் நினைவில் வைக்கவும் முடிந்தவர்களுக்காகவே அமைந்திருக்கிறது. நமக்கு வராதது அந்த இரண்டும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி மருந்தைப் பற்றியது. மீதி, மருந்தைச் சுற்றியிருக்கும் காகிதத்தைச் சமாளிப்பது பற்றியது. நான் மருத்துவன் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி. இரண்டில் ஒன்று இருப்பவர்களில் 25 முதல் 40 சதவீதம் பேருக்கு மற்றதும் இருக்கும் என்பது ஆய்வுகளில் அடிக்கடி வரும் கணக்கு. ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல வேஷம் போடவும் செய்யும். படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்ப்பது இயல்பு. அது மட்டுமே ஏ.டி.எச்.டி. ஆகாது.

நான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி இது: எழுத்தே இல்லாத இடத்திலும் கவனம் ஓடுகிறதா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, ஒருவர் எதிரே நின்று பேசும்போதே பாதியில் எங்கோ போய்விடுவது, வண்டிச் சாவியைத் தினமும் தேடுவது, பஸ்ஸுக்கு எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடுவது. இவை எதிலும் படிப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம்.-5 அளவுகோலில் கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும், துறுதுறுப்பு, அவசரப் போக்குக்கு ஒன்பது அறிகுறிகளும் இருக்கின்றன. 17 வயது நிறைந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். அதில் மதிப்பெண்ணைவிட, ஆசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிய ஒரு வரிதான் பயன்படும். கார்டு இல்லையென்றால் அம்மாவையோ மூத்தவர்களையோ கூட்டிப் போங்கள். என் அக்கா மருத்துவரிடம் சொன்னது: "டிபன் பாக்ஸ் கொண்டுபோனா பாக்ஸ் வராது, பாக்ஸ் வந்தா மூடி வராது."

உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைப் பெரும்பாலும் கொடுப்பார்கள். முதல் ஆறு கேள்விகள் முக்கியமானவை. 'எப்போதாவது', 'சில சமயம்', 'அடிக்கடி' என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நம் கண் அடுத்த வரியில் போய் டிக் போட்டுவிடும். கூச்சப்படாமல் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லி வாயால் பதில் சொல்லுங்கள். முடியாவிட்டால் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, பதற்றம் இவையும் கவனத்தைக் கெடுக்கும். முதல் சந்திப்பிலேயே மருந்து எழுதாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் எரிச்சல்படாதீர்கள். அப்படிச் செய்கிற மருத்துவர் நல்லவர்.

யாரிடம் போவது

மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். உளவியலாளர் பரிசோதனைகள் செய்யலாம், ஆலோசனை தரலாம், மருந்து எழுத முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் முன்கூட்டியே போன் செய்து, "பெரியவங்களுக்கு ஏ.டி.எச்.டி. பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். இது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்று சொல்லித் திருப்பி அனுப்பிய இடம் எனக்கும் ஒன்று உண்டு. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளை வீடியோ வழியாக எழுதித் தரக் கூடாது. ஏ.டி.எச்.டி. மருந்தான மெத்தில்பெனிடேட் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நேரில்தான் போக வேண்டும்.

போகும்போது சொல்ல வேண்டியவற்றைக் கைபேசியில் குரல் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துபோகும். இதய நோய், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், ரத்தக் கொதிப்பு, கண் அழுத்தம், வலிப்பு, கல்லீரல் கோளாறு, முன்பு எப்போதாவது மனச்சிதைவோ இருதுருவ மனநிலையோ இருந்தது, குடிப்பழக்கம், கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம் எதையும் விடாதீர்கள். சாப்பிடுகிற எல்லா மருந்தையும் சொல்லுங்கள். சித்த மருந்து, லேகியம், ஜிம்மில் சாப்பிடும் பவுடர் இவையும் அதில் சேர்த்திதான். இதயம் சம்பந்தமாகச் சந்தேகம் இருந்தால் இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். டிஸ்லெக்சியா இருப்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் சீட்டு எழுதி முடித்திருப்பார்கள்.

என்னென்ன மருந்து

அமெரிக்காவில் இருப்பவர்கள் பேசும் ஆடரால் என்ற ஏ.டி.எச்.டி. மருந்து இங்கே கிடைக்காது. இந்தியாவில் பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று மெத்தில்பெனிடேட். 1944-இல் ஸ்விட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸோன் உருவாக்கியது. அவர் மனைவி ரீட்டாவின் பெயரில்தான் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. நம்மூரில் இன்ஸ்பைரல், ஆட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. சாதா மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெல்லக் கரையும் வகைகள் எட்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நிற்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது இ.ஆர். என்று இருந்தால் அது மெல்லக் கரைவது; அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. நசுக்கினால் முழு நாளுக்குரிய மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று அட்டாமாக்செட்டின். ஆக்செப்டா, அட்டென்ட்ரால் என்ற பெயர்களில் கிடைக்கும். இது ஊக்க மருந்து வகை இல்லை, பழக்கமாகிவிடும் பயமும் இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். நான்கிலிருந்து எட்டு வாரம் போனால்தான் வித்தியாசம் தெரியும். பெரியவர்களுக்கு 40 மி.கி.யில் தொடங்கி 80-க்குப் போவது பொதுவான அளவு, அதற்கும் குறைவாகத் தொடங்குவதும் உண்டு. குமட்டல், வாய் உலர்தல், சிறுநீர் கழிக்கச் சிரமம், தாம்பத்தியத்தில் சிக்கல் வரலாம். குமட்டலுக்குச் சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது. கேப்சூலைப் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டால் எரியும். ப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும், அதனால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு எழுதியது முதலாவது. 5 மி.கி., காலை, மதியம்.

சீட்டு கைக்கு வந்ததும்

நாற்காலியை விட்டு எழாதீர்கள். எல்லாத் தவறும் அடுத்த இரண்டு நிமிடத்தில்தான் நடக்கிறது. நான் சீட்டை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்று வந்துவிட்டேன். அதன் பலன்தான் அந்த ஒன்றரை மணி ராத்திரி.

இரண்டாம் முறை போனபோது, "நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று கேட்டேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலை எத்தனை மணி, மதியம் எத்தனை மணி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதற்குப் பிறகு போடவே கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். அதையே அவர் சொல்ல, கைபேசியில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டேன், தயங்காமல் சொன்னார். பிறகு அவராகவே சீட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சூரியன், உச்சியில் ஒரு சூரியன், ஒரு பிறை வரைந்து, பிறையின் மேல் குறுக்குக் கோடு போட்டார். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. 1-1-0 என்பதை நான் நூறு முறை தப்பாகப் படிப்பேன். குறுக்குக் கோடு போட்ட பிறையைத் தப்பாகப் படிக்க முடியாது.

மெடிக்கலில்

மெத்தில்பெனிடேட் எல்லாக் கடையிலும் இருக்காது. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். அசல் சீட்டு வேண்டும், ஒரு பிரதியைக் கடையில் வைத்துக்கொள்வார்கள், அதனால் இரண்டாக எழுதி வாங்குங்கள். இருப்பு தீரும் முன் ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். கடைசி மாத்திரை வரை காத்திருப்பது நம் வழக்கம்தான், ஆனால் இந்த மருந்துக்கு அது சரிப்படாது.

கவுண்டரிலேயே அட்டையைத் திருப்பி, சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்தை ஒவ்வொன்றாகக் கடைக்காரரிடம் சொல்லிச் சரிபாருங்கள். சாதா 10, எஸ்.ஆர். 10 இரண்டின் அட்டைக்கும் வித்தியாசம் அந்த இரண்டு எழுத்துதான். அதை நம் கண்ணுக்கு விட்டுவைக்க வேண்டாம்.

வீட்டில்

பேப்பரில் அட்டவணை போட்டு ஒட்டாதீர்கள். மூன்று நாளில் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும், கண்ணில் படாது. நான் செய்தவை இவை. கிழமைக்கு ஒரு அறை உள்ள மாத்திரை டப்பா. காலைக்கு மஞ்சள், மதியத்துக்குப் பச்சை ஸ்டிக்கர். எழுத்து எதுவும் இல்லை. ஞாயிறு காலை அக்கா வீடியோ காலில் பார்க்க, டப்பாவை நிரப்புவேன். அலாரத்துக்கு மணி ஓசைக்குப் பதில் என் குரலையே வைத்தேன்: "மஞ்சள் போடு, தண்ணி குடி." போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அறை காலியாக இருப்பதே பதில். சந்தேகம் வந்தால் இன்னொன்று போடாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு. மதிய மாத்திரையை மறந்து நான்கு மணிக்கு ஞாபகம் வந்தால் அன்றைக்கு அது அவ்வளவுதான். அட்டாமாக்செட்டினிலும் விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

வண்டி டிக்கியிலும் டேஷ்போர்டிலும் மாத்திரை வைக்காதீர்கள். நம்மூர் வெயிலுக்கு அது தாங்காது. பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள்.

முதல் நாள்

வேலை குறைவாக உள்ள நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள், யாராவது வீட்டில் இருக்கட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் போட்டேன். ஒன்பதே காலுக்கு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. வெட் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் அது நின்ற பிறகுதானே ஓடியது தெரியும், அந்த மாதிரி ஒரு அமைதி. அம்மா சொன்ன ஒரு முழு விஷயத்தையும் கடைசி வரை கேட்டேன். அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது.

உடனே ஆசையாகச் செய்தித்தாளை எடுத்தேன். எழுத்து எப்போதும் போலத்தான் இருந்தது. ன, ண குழம்பியது, கொம்பும் காலும் எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் தடுக்கிய வரிக்கே திரும்பி வந்தேன். முன்பு தடுக்கியதும் நேராகக் கைபேசிக்குப் போய்விடுவேன். டிஸ்லெக்சியாவுக்கு இந்த மருந்திலிருந்து நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். எழுத்தைச் சத்தமாக மாற்றும் மூளையின் வேலையை இது சரிசெய்வதில்லை. வாசித்துக் காட்டும் செயலி, பெரிய எழுத்து, வரிக்குக் கீழே ஸ்கேல் எல்லாம் பழையபடி வேண்டும். என்ன, இப்போது அவற்றைப் பயன்படுத்த மறப்பதில்லை. டிராயிங் படிக்கிற வேலையைக் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் வைத்துக்கொண்டேன். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ரிஜெக்ட் டப்பாவைத் திரும்பப் பார்க்கும் வேலை குறைந்திருக்கிறது.

முதல் மாதம்

அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பார்கள், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு படி. சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறும். எடைக்கோ வயதுக்கோ கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. நீங்களாகக் கூட்டாதீர்கள்.

பசி போய்விடும். மதியம் சோற்றைப் பார்த்தால் பிடிக்காது, இரவு ஒன்பதுக்கு வீட்டையே தின்கிற பசி வரும். அதனால் மாத்திரைக்கு முன் காலைச் சாப்பாடு நன்றாக இருக்கட்டும்: அடை, முட்டை, சுண்டல், எது பிடிக்குமோ அது. வெறும் காபியோடு மாத்திரை போட்டால் படபடக்கும். எனக்கு ஃபில்டர் காபியை விடுவது மருந்து தொடங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் காலையில் அரை டம்ளரோடு சமாதானமானேன். வாய் உலரும், தண்ணீரும் மோரும் கையில் இருக்கட்டும். சளி, ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்கும் மருந்து இருக்கும். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், கேட்டுவிட்டு வாங்குங்கள். மதுவைத் தவிர்த்துவிடுங்கள்.

மருந்தின் வேகம் இறங்கும் நேரம் ஒன்று உண்டு. எனக்குச் சாயங்காலம் நான்கு மணி. காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், சின்னச் சத்தமும் பிடிக்காது. பட்டறையில் ஹெல்ப்பரிடம் இரண்டு நாள் சுள்ளென்று விழுந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நாளும் நாலே கால். இப்போது மூன்றரைக்கு ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலையும் சாப்பிடுகிறேன். அந்த நேரத்தில் யாரோடும் முக்கியமாகப் பேசுவதில்லை.

டைரி எழுதச் சொல்வார்கள். நம்மால் முடியாது, விடுங்கள். வாட்ஸ்ஆப்பில் எனக்கு நானே தினமும் ஒரு குரல் செய்தி அனுப்பினேன், அரை நிமிடம். எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது இறங்கியது, சாப்பிட்டேனா, தூங்கினேனா, மனசு எப்படி இருந்தது. வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் எண்ணை எழுதாதீர்கள், 138-ஐ 183 என்று எழுதி எல்லோரையும் பயமுறுத்துவீர்கள். திரையைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். எடை மெஷினும் அப்படியே.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள். இல்லாத குரல் கேட்பது, அளவுமீறிய சந்தேகம் அல்லது உற்சாகம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அட்டாமாக்செட்டினில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பாகப் போவது கல்லீரலின் எச்சரிக்கை, அதுவும் அன்றே சொல்ல வேண்டியது. தற்கொலை எண்ணம் வந்தால் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டாரும் மற்றவர்களும்

"இது பழகிப் போயிருமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாகச் சாப்பிடும்போது அடிமையாகும் வாய்ப்பு குறைவு, முன்பு போதைப் பழக்கம் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்று சொன்னேன். அம்மாவை ஒரு முறை கூடவே கூட்டிப்போனது நூறு விளக்கத்தைவிடப் பயன்பட்டது.

பரீட்சைக்குப் படிக்கிற தம்பி யாராவது "ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்பான். கொடுக்காதீர்கள். அவன் இதயம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, சட்டப்படியும் குற்றம். வெளிநாடு போவதென்றால் அட்டையோடு, சீட்டோடு, மருத்துவர் கடிதத்தோடு போங்கள். சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளில் இந்த மருந்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், டிக்கெட் போடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாவது சந்திப்பில் மருத்துவர், "போன மாசம் எப்படி இருந்தது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கைபேசியை மேஜைமேல் வைத்து, 28 குரல் செய்திகளில் நாலே கால் மணி வருகிற நான்கை மட்டும் ஓட்டிக் காட்டினேன். கேட்டுவிட்டு, மெல்லக் கரையும் வகைக்கு மாற்றி எழுதினார். இந்த முறை ஒரே ஒரு சூரியன்தான் வரைந்தார்.